ஒட்டகத்திற்கு ஊசி போட்டால் தடை, பெண்ணுக்குப் போட்டால்?

சவூதி அரேபியாவில் ஒட்டகங்களுக்கு அழகுப் போட்டி நடக்கிறது என்றால் நம்புவீர்களா? உண்மைதான். தொங்கும் உதடு, நீண்ட கழுத்து, எடுப்பான திமில் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு. பரிசுத் தொகையும் மிகப் பெரியது. 2018-ஆம் ஆண்டு 12 ஒட்டகங்களை நடுவர்கள் போட்டியிலிருந்து நீக்கினார்கள். அழகாகத் தெரிவதற்காக அவற்றுக்குப் போடோக்ஸ் ஊசி போடப்பட்டிருந்தது! 2021-இல் ஊசி, முகச் சீரமைப்பு போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவை 40-க்கும் அதிகம்.

செயற்கை அழகைக் காட்டி ஏமாற்றக்கூடாது என்பது நல்ல விதிதான். ஆனால், அதே அரபு உலகின் இன்னொரு மூலையில், லெபனானில், 2007-இல் ஒரு வங்கி அழகு அறுவை சிகிச்சைக்கென்றே 5,000 அமெரிக்க டாலர் வரை கடன் தர முன்வந்தது. ஒட்டகத்திற்குக் குற்றமாக இருப்பது, பெண்ணுக்குக் கடன் வாங்கியாவது செய்ய வேண்டியதாக எப்படி மாறியது?

"அரபுப் பெண்கள் உடலை மறைத்து உடுத்துபவர்கள்தானே, அவர்களுக்கு உடலழகைப் பற்றி என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். அரபு லீக்கில் 22 நாடுகள் உள்ளன. பெய்ரூட்டில் உடுத்துவதுபோல் ரியாத்தில் உடுத்துவதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். அபாயா அணிந்த பெண்ணின் உடலைப் பிறர் பார்க்க முடியாமல் போகலாம். ஆனால், தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வரும் படங்களை அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?

2003-இல் அரபு நாடுகளில் 'ஃபுல்லா' என்ற பொம்மை விற்பனைக்கு வந்தது. பார்பி பொம்மைக்குப் பதிலாக, அபாயாவும் முக்காடும் அணிந்த பொம்மை. சிறுமிகளிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. அந்த அபாயாவைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பதும் ஒல்லியான உடல்தான். உடை மாறியது, உடல்வாகு பெரிதாக மாறவில்லை.

கண் எப்படி ஏமாறுகிறது?

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். மூன்று கிண்ணங்களில் குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர், கை பொறுக்கும் அளவு சூடான நீர் ஆகியவற்றை ஊற்றுங்கள். ஒரு கையைக் குளிர்நீரிலும் மறு கையைச் சூடான நீரிலும் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு இரு கைகளையும் நடுக் கிண்ணத்தில் விடுங்கள். ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் தெரியும். ஏனென்றால், உடல் அளப்பது வெப்பநிலையை மட்டும் அன்று. சற்று முன் பழகிய நிலையோடு அதை ஒப்பிட்டும் பார்க்கிறது.

கண்ணும் மூளையும் இப்படித்தான். மிக ஒல்லியான உடல்களின் படங்களைச் சில நிமிடங்கள் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு, அதன் பிறகு சாதாரண உடல்கூடப் பருமனாகத் தெரிகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அறிவியலாளர்கள் இதைப் பார்வைத் தகவமைவு என்கிறார்கள். சில நிமிடங்களுக்கே இப்படி என்றால், தினமும் பல மணி நேரம் பார்த்தால்?

'அழகான உடல்' எது என்பது எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. அரபு லீக்கின் உறுப்பு நாடான மவுரித்தேனியாவில் பருத்த பெண்ணே அழகி என்று கருதப்பட்டார். அதற்காகச் சிறுமிகளுக்கு வற்புறுத்தி ஒட்டகப் பாலும் கூஸ்கூஸும் புகட்டும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஒல்லியாகச் சொல்லி வதைத்தாலும், பருக்கச் சொல்லி வதைத்தாலும் துன்பப்படுவது அதே சிறுமிதான்.

எகிப்தியப் பாடகி உம் குல்தூமை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவருடைய கச்சேரி வானொலியில் ஒலிக்கும்போது அரபு உலகமே காது கொடுத்துக் கேட்டது. மெல்லிய உடல்வாகு கொண்டவர் அல்லர் அவர். 1975-இல் அவர் இறந்தபோது கெய்ரோ வீதிகளில் மக்கள் வெள்ளம் திரண்டது. அவருடைய இடுப்பளவை யார் கேட்டார்கள்?

1990-களில் துணைக்கோளத் தொலைக்காட்சி வந்தது. 1991-இல் எம்பிசி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒரே மாதிரியான முகமும் ஒரே மாதிரியான உடலும் வீட்டுக்கு வீடு நுழைந்தன. 2016-இல் எகிப்தின் அரசுத் தொலைக்காட்சி, பெண் அறிவிப்பாளர்கள் 8 பேரைத் திரையிலிருந்து இறக்கி, ஒரு மாதத்தில் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொன்னது. உம் குல்தூமைக் கொண்டாடிய அதே நாடுதான் இது.

வெட்கம் மருந்தாகாது

"உடல் எடையைக் குறைப்பது நல்லதுதானே? குவைத், கத்தார் போன்ற நாடுகளில் உடல் பருமன் மிக அதிகமாயிற்றே?" என்று சிலர் வாதிடலாம். நியாயமான கேள்வி. ஆனால், வெட்கப்பட வைத்தால் உடல் நலம் வந்துவிடாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பதின்ம வயதினரை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உணவைத் தவிர்ப்பது போன்ற தவறான வழிகளில் எடையைக் குறைக்க முயன்றவர்களுக்கே பின்னர் எடை அதிகமாகக் கூடியிருந்தது.

உங்கள் வயதில் இதற்கு இன்னும் பெரிய விலை உண்டு. பருவமடையும் பெண்ணின் உடலில் கொழுப்பு கூடுவது இயற்கை. அது மிகவும் குறைந்தால் மாதவிடாயே நின்றுபோகலாம். பெண்களின் எலும்புத் திண்மையில் ஏறத்தாழ 90 விழுக்காடு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இப்போது பட்டினி கிடந்தால், அந்தச் சேமிப்பைப் பிறகு முழுதாக ஈடுசெய்வது கடினம்.

வளைகுடாப் பெண்களுக்குத் தேவைப்பட்டது திடல்தான். சவூதியின் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு உடற்கல்விப் பாடம் 2017-இல்தான் அறிவிக்கப்பட்டது. ஒல்லி உடலின் படம் வீட்டுக்குள் வந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து! எப்படித் தோன்ற வேண்டும் என்பதை முதலில் காட்டிவிட்டு, ஓடவும் விளையாடவும் மிகத் தாமதமாக அனுமதித்தால் அது என்ன நீதி?

நாம் என்ன செய்யலாம்?

நார்வேயில் 2022 முதல் விளம்பரப் படத்தில் உடலின் வடிவத்தையோ தோலையோ திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். பிரான்ஸிலும் இதையொத்த விதி உண்டு. வரவேற்கத்தக்க முயற்சிகள். ஆனால், இவை போதா என்பதே என் கருத்து. நடுக் கிண்ணத்தில் இருப்பது ஒரே நீர் என்று தெரிந்த பிறகும் உங்கள் கைகள் ஏமாறுகின்றன அல்லவா? படம் திருத்தப்பட்டது என்று தெரிந்தாலும் கண் அப்படித்தான் ஏமாறும். இத்தகைய குறிப்புகளால் பெரிய பயன் இல்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஆகவே, பார்ப்பதையே மாற்றுங்கள். இன்று உங்கள் கைப்பேசியில் நீங்கள் பின்தொடரும் கணக்குகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர் ஒரே உடல்வாகு கொண்டவர்கள்? பார்த்து முடித்ததும் உங்கள் மீதே உங்களுக்கு எரிச்சல் வரவைக்கும் கணக்குகள் எவை? அவற்றை நீக்குங்கள். அந்த இடத்தில் பாடுபவர்கள், ஓடுபவர்கள், சமைப்பவர்கள், ஆய்வு செய்பவர்கள் எனப் பலவித உடல்கள் வரட்டும். தசை முறுக்கிய நடிகர்களைப் பார்த்து ஏங்கும் மாணவர்களே, இது உங்களுக்கும்தான்.

தேடிப் பார்க்க ஒரு பெயரும் தருகிறேன். மொரோக்கோவின் நவால் எல் முத்தவக்கில். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 54.61 வினாடியில் ஓடி, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அரபுப் பெண் ஆனார். அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கு அவர் பெயரையே சூட்டும்படி மன்னர் கேட்டுக்கொண்டார். அந்த ஓட்டத்தின் காணொளியைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் உங்களுக்கு எடையைக் குறைக்கத் தோன்றுகிறதா, எழுந்து ஓடத் தோன்றுகிறதா?