விலை நிற்கிறது, நிறை போகிறது

பதுளைச் சந்தையிலும், பசறை, லுணுகலை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளைக் கடைவீதிகளிலும் சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் ஒரு காட்சியை எவரும் காணலாம். தோட்டத்துத் தாய்மார் கடைக்காரரிடம் விலை கேட்கின்றனர். சென்ற மாத விலையே இம்மாதமும் என்ற மறுமொழி கேட்டு ஆறுதலடைந்து, சாமான்களை வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புகின்றனர். ஆனால் மாதம் முடியுமுன்னரே சவர்க்காரம் கரைந்துவிடுகிறது. பிஸ்கற்றுப் பொதி பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் போதாமற் போகிறது. பற்பசை இருபதாம் நாளிலேயே பிதுங்க மறுக்கிறது. "வீட்டில் சிக்கனம் இல்லை" என்று கணவன் மனைவியைக் கடிந்துகொள்கிறான். மாமியார் மருமகளைக் குறை கூறுகிறாள். செய்யாத குற்றத்துக்கு அந்தப் பெண் பழி சுமக்கிறாள். குறைந்தது அவளுடைய சிக்கனமா? பொதியின் நிறையல்லவா குறைந்திருக்கிறது!

உறை அதே உறை. நிறம் அதே நிறம். விலையும் அதே விலை. உள்ளிருக்கும் பொருள் மட்டும் சுருங்கிவிட்டது. இதன் கணக்கை எமது வாசகர்கள் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். 100 ரூபாவுக்கு 100 கிராம் விற்ற பண்டம் இன்று அதே 100 ரூபாவுக்கு 80 கிராமாக விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறை குறைந்தது நூற்றுக்கு இருபது. ஆனால் பழைய 100 கிராமைப் பெறுவதற்கு இப்போது 125 ரூபா வேண்டும். எனவே விலை ஏறியிருப்பது நூற்றுக்கு இருபத்தைந்து! இருபதை எடுத்தோம் என்று நுண்ணெழுத்தில் அச்சிட்டுவிட்டு, இருபத்தைந்தை எடுத்துக்கொள்ளும் வித்தை இது.

உற்பத்தியாளர் தரப்பிலும் ஒரு வழக்கு உண்டு. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. 2022ஆம் ஆண்டில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது கைவிரித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் டொலருக்குச் சுமார் 200ஆக இருந்த ரூபா, சில மாதங்களுக்குள் 360 என்ற நிலைக்கு வீழ்ந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. மூலப்பொருள், எண்ணெய், மின்சாரம் யாவும் விலையேறிய வேளையில் பழைய விலைக்குப் பழைய நிறையைக் கொடுத்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆயின், விலையை ஏற்ற வேண்டிய நிலை வந்தால் அதை வெளிப்படையாக ஏற்றுவதே நேர்மை. வாங்குபவனின் கண்ணுக்குத் தெரியாமல் ஏற்றுவானேன்?

இந்தக் கேள்விக்கு நமது வரலாறே விடை தருகிறது. 1953ஆம் ஆண்டு கொத்து ஒன்றுக்கு 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டது. அந்த உயர்வு எல்லோருக்கும் தெரிந்தது. ஆகையால் எல்லோரும் எழுந்தனர். ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது; அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்று அதே 25 சதத்துக்கு ஒரு கொத்துக்குப் பதிலாக மூன்றிலொரு பங்கு அரிசியை ஓசையின்றி அளந்திருந்தால் ஹர்த்தால் நடந்திருக்குமா? நடந்திருக்கலாம், ஆனால் மக்கள் விழித்துக்கொள்ளப் பல மாதங்கள் சென்றிருக்கும். வெளிப்படையான விலையேற்றம் மக்களை ஒன்றுசேர்க்கிறது. மறைவான நிறைக்குறைப்போ ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே அடுப்படியில் சண்டையிட வைக்கிறது.

தோட்ட மக்களுக்கு இது இரட்டை இழப்பு. 1,000 ரூபா நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே 2021இல் கைகூடியது. 2024இல் அது 1,350 ஆயிற்று. 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவும், வருகைக்கென அரசின் 200 ரூபாவும் என்று 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் பேச்சுவார்த்தை, சம்பள நிர்ணய சபை, வேலைநிறுத்தம், வழக்கு என்று எத்தனை படிகள்! அந்த நூறு ரூபாவைத் திரும்பப் பறிப்பதற்கு ஒரு புதிய அச்சுறை போதுமானதாயிருக்கிறது.

வசதியுள்ளவர்கள் பெரிய பொதியை வாங்குகின்றனர். ஒரு கிராமுக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரும்பாலும் குறைவு. அரைப்பேர் விழுந்த வாரத்தில் கையில் மிஞ்சிய காசுக்கேற்பச் சின்னப் பொதியை வாங்குபவளே ஒரு கிராமுக்குக் கூடிய விலை கொடுக்கிறாள். கடன் கொப்பியில் பெயர் உள்ளவளுக்கு வேறு கடைக்குப் போகவும் வழியில்லை. போனால் பஸ் கட்டணம் இலாபத்தை விழுங்கிவிடும். 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வறியோர் 14.3 விழுக்காடு, தோட்டப் பகுதியிலோ 33.8 விழுக்காடு. அது நெருக்கடிக்கு முந்திய கணக்கு என்பதை மறத்தலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? பொதியில் அச்சிட்ட நிறையைவிடக் குறைவாக உள்ளே இருந்தால் அது குற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் குறைந்த நிறையை உண்மையாகவே அச்சிட்டுவிட்டால், குறைத்தது மட்டும் குற்றமாகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் அல்லது தவறான எண்ணங்கொள்ளச் செய்யும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. பழைய உறையின் பருமனையும் தோற்றத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு நிறையை மட்டும் குறைப்பது இத்தடைக்குள் வராதா என்பது வாதிக்கத்தக்க வினா. அதிகார சபை இதனை ஒருமுறையேனும் தீர்க்கமாக ஆராய்தல் வேண்டும்.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்குப் பாணே சான்று. 2024 பெப்ரவரியில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், ஓர் இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் பாண் 225 கிராம் இருத்தல் வேண்டும் என்று விதித்தது; முறையே 13.5 கிராமும் 9 கிராமும் மட்டுமே குறையலாம் என்று எல்லையும் வகுத்தது. பாணுக்கு ஒரு நீதி, சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் வேறொரு நீதியா? பிரான்சில் 2024 ஜூலை முதல், விலை குறையாமல் நிறை குறைந்த பண்டங்களைப் பற்றிப் பெரிய கடைகள் இரண்டு மாத காலம் அறிவிப்பு வைக்க வேண்டும். தென்கொரியாவில் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், நிறையைக் குறைக்கும் உற்பத்தியாளர் மூன்று மாதங்கள் அதை வெளிப்படுத்த வேண்டும், தவறினால் அபராதம். அந்த நாடுகளின் தொழிலாளியைவிட எமது தொழிலாளி செல்வந்தனா, அவனுக்கு இக்காப்பு வேண்டாதிருக்க?

எனவே நாம் கோருவன மூன்று. நிறை குறைக்கப்பட்ட பொதியின் முகப்பில், பழைய நிறையும் புதிய நிறையும் மூன்று மொழிகளிலும் பெரிய எழுத்தில் ஆறு மாதங்களுக்கு அச்சிடப்பட வேண்டும். ஒரு கிலோகிராமுக்கு, அல்லது நூறு கிராமுக்கு, என்ன விலை என்பது பொதியிலும் கடைத் தட்டிலும் காட்டப்பட வேண்டும். பதுளை, மொனராகலை மாவட்டங்களின் தோட்டக் கடைகளுக்கு அதிகாரிகள் பண்டிகைக் காலத்தில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் வந்து தராசுகளைச் சோதிக்க வேண்டும்.

அரசு வரும்வரை நாம் சும்மா இருக்கலாகாது. ஒரு லயத்தின் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அரிசி, மா, பருப்பு, சீனி ஆகியவற்றை மூட்டையாக வாங்கி, நல்ல தராசில் நிறுத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். சவர்க்காரத்தை வாங்கியவுடன் உறை நீக்கி, துண்டாக்கி, காற்றாட உலர்த்தினால் அதிக நாள் உழைக்கும். விலையைப் பார்க்குமுன் நிறையைப் பார்க்கும் பழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். அவர்களுடைய வகுத்தற் கணக்குக்கு இதனினும் நல்ல பயிற்சி ஏது? எல்லாவற்றுக்கும் மேலாக, வெற்று உறைகளை எறியாதீர்கள். பழைய உறையும் புதிய உறையும் அருகருகே வைக்கப்பட்டால் அவை நீதிமன்றத்திலும் பேசும் சாட்சிகள். அச்சிட்ட நிறையே இல்லாத பொதி கிடைத்தால், பற்றுச்சீட்டுடன் மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

ஆனால் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று ரொட்டியை நான்காகத் தட்டலாம். நான்கை எட்டாகத் தட்டினால் பிள்ளையின் வயிறு அறியும்.

இறுதியாக ஒன்று. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்கின் நிறை, ஈரத்தின் நிறை என்று கிலோ கிலோவாகக் கழிக்கப்படுவதைப் பற்றிய முறைப்பாடு மலையகத்தில் புதியதன்று. விற்கும்போது எம் மக்களின் நிறை கழிக்கப்படுகிறது. வாங்கும்போதும் எம் மக்களின் நிறையே கழிக்கப்படுகிறது. வியாபாரத்தில் பயன்படும் ஒவ்வொரு தராசும் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டுச் சட்டத்தின் ஆணை. அச்சட்டம் மலையேறி வரட்டும். 1953இல் எம் மக்களுட் பெரும்பாலோர் வாக்குரிமை பறிக்கப்பட்டு நின்றனர். இன்று வாக்கு எமது கையில் உண்டு. வாக்குக் கேட்டு வருவோரிடம், கொழுந்துத் தராசையும் கடைத் தராசையும் நேராக்க என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.