ஒன்றரை டாலர் மூட்டை

"ஒத்தைக் கால்ல ஷூவை மாட்டிக்கிட்டு எப்படிம்மா விளையாட முடியும்?" என்று என் சின்னவன் கேட்டான். அவனுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தது கார்டி ஹோவின் கதை. ஐஸ் ஹாக்கியில் பெரிய பெயர்.

கனடாவில் சஸ்கடூன் என்ற குளிர்ப் பிரதேசத்து ஊர். 1930களின் பஞ்ச காலம். ஒன்பது பிள்ளைகள் உள்ள வீட்டு வாசலில் ஒரு பெண், சாக்கு மூட்டையோடு வந்து நின்றாள். குழந்தைக்குப் பால் வாங்கக் காசில்லையாம். நானாயிருந்தால், 'முதலில் மூட்டையைப் பிரி, பார்க்கலாம்' என்றிருப்பேன். பாத்திரக்காரியிடம் அரை மணி பேரம் பேசுகிறவளாயிற்றே! கார்டியின் தாய் கேத்தரின் ஒன்றரை டாலரை எடுத்துக் கொடுத்துவிட்டார். மூட்டையைக் கொட்டினால், ஒரு ஜோடி ஸ்கேட்டிங் ஷூ! இவனுக்கு ஒன்று, கூடப் பிறந்தவளுக்கு ஒன்று. ஷூவோ பெரிசு. உள்ளே காலுறைகளைத் திணித்துக்கொண்டு, ஒற்றைக் காலால் பனியில் சறுக்கினார்கள்.

படிப்பு ஏறாத பையன். 1946ல், 18 வயதில், அமெரிக்காவின் டெட்ராய்ட் குழுவில் ஆடத் தொடங்கினான். 1950ல் ஆட்டத்தின் நடுவே பலகைச் சுவரில் மோதி, மண்டையில் பலத்த அடி. மூளையில் ஆபரேஷன். தாயை விமானத்தில் வரவழைத்தார்கள். வழியெல்லாம் அந்த அம்மாள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

பிள்ளை பிழைத்தான். அடுத்த பருவத்திலேயே புள்ளிக் கணக்கில் அவன்தான் முதல்.

1973ல் தன் இரு மகன்களோடு ஒரே குழுவில் ஆடினார். 1980ல் ஓய்வு பெற்றபோது வயது 52. எங்க வீட்டுக்காரருக்கு 46தான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது!