எண்ணைப் பகிர்ந்தால் கணக்கு முடக்கம்: ஃப்ரீலான்ஸ் தளங்களின் விதி யாரைக் காக்கிறது?

புதுதில்லி: இணையவழி ஃப்ரீலான்ஸ் தளங்களில் வாடிக்கையாளரும் பணியாளரும் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ பரிமாறிக்கொள்வது பெரும்பாலும் விதிமீறலாகும். தளத்தைத் தவிர்த்து நேரடியாகப் பணம் பெறுவது அதைவிடப் பெரிய விதிமீறல். இரண்டும் கணக்கு முடக்கத்தில் முடியக்கூடும். மொழிபெயர்ப்பு, வரைகலை வடிவமைப்பு, மென்பொருள், தரவுப் பதிவு எனப் பல துறைகளில் இத்தளங்களை நம்பி வருவாய் ஈட்டும் இந்தியர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் விதி இது.

பயனர்களை மோசடியிலிருந்து காப்பதற்கே இவ்விதி என்று தளங்கள் கூறுகின்றன. தங்கள் தரகைக் காத்துக்கொள்ளவே தளங்கள் இதை வகுத்துள்ளன என்பது பணியாளர்கள் பலரின் எண்ணம். இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல். இரு நோக்கங்களும் ஒரே விதிக்குள் அடங்கியிருப்பதால், மோசடிக்காரரிடம் எண்ணைக் கொடுத்து ஏமாந்தவர், தரகைத் தவிர்க்கத் திட்டமிட்டவர், பெரிய கோப்பை அனுப்ப மின்னஞ்சல் முகவரி கேட்டவர் ஆகிய மூவரும் ஒரே குற்றச்சாட்டுக்கு உள்ளாகின்றனர்.

விதி சொல்வது என்ன?

அமெரிக்காவைச் சேர்ந்த அப்வொர்க் தளத்தில், ஒப்பந்தம் தொடங்கும் முன் தொலைபேசி எண், மின்னஞ்சல், வாட்ஸ்அப், டெலிகிராம் முதலிய தொடர்பு விவரங்களைப் பகிரக் கூடாது என்பது பொது விதி. பேச்சுவார்த்தை தளத்தின் செய்திப் பெட்டியிலேயே நடைபெற வேண்டும். ஒப்பந்தம் தொடங்கிய பின் வெளியே பேசுவதற்குத் தடையில்லை. ஆனால் பணம் மட்டும் தளத்தின் வழியாகவே வர வேண்டும். இருவரும் தளத்தில் அறிமுகமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு இக்கட்டுப்பாடு நீடிக்கும். அதற்குள் நேரடி உறவுக்கு மாற விரும்பினால், ஓராண்டில் ஈட்டக்கூடிய மதிப்பிட்ட வருவாயை அடிப்படையாகக் கொண்ட மாற்றுக் கட்டணத்தைத் தளத்திற்குச் செலுத்த வேண்டும்.

இஸ்ரேலில் தொடங்கப்பட்ட ஃபைவர் தளத்தின் விதி மேலும் கடுமையானது. பணி நடைபெறும் காலத்திலும், வெளியே தொடர்புகொள்வதற்காக விவரங்களைக் கேட்பதும் தருவதும் அங்கு தடை செய்யப்பட்டுள்ளன. பணியை முடிக்க அவ்விவரம் இன்றியமையாதது எனில், அப்பணிக்குரிய பக்கத்தில் மட்டுமே அதைப் பகிரலாம்.

இவ்விதிகளுக்குப் பின்னால் உள்ள பணக் கணக்கு எளிது. ஃபைவர் தளம் பணியாளரிடமிருந்து 20 சதவீதமும், வாடிக்கையாளரிடமிருந்து பொதுவாக 5.5 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. 200 டாலர் மதிப்புள்ள ஒரு பணிக்கு வாடிக்கையாளர் வரி நீங்கலாக 211 டாலர் செலுத்துகிறார். பணியாளருக்கு 160 டாலர் கிடைக்கிறது. இடையில் உள்ள 51 டாலர் தளத்திற்குரியது. அப்வொர்க் தளமோ 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை மாறுபடும் கட்டணத்தைப் பணியாளரிடம் வசூலிக்கிறது. ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாத இந்தியப் பணியாளர் இத்தகைய அயல்நாட்டுத் தளங்களின் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் செலுத்த நேர்கிறது. அதாவது, 10 சதவீதக் கட்டணம் நடைமுறையில் 11.8 சதவீதமாகிறது.

பாதுகாப்பு என்பது வெறும் சாக்கு அல்ல

தளத்திற்கு வெளியே வருமாறு அழைப்பதுதான் பெரும்பாலான வேலை மோசடிகளின் முதல் படி. "டெலிகிராமில் வாருங்கள், விவரம் சொல்கிறோம்" என்ற அழைப்பில் தொடங்கி, பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பிணை வைப்புத் தொகை எனப் பணம் கேட்பது வழக்கமான முறை. தரவுப் பதிவு வேலை தருவதாகக் கூறி ஒப்பந்தத்தில் கையொப்பம் பெற்று, பின்னர் பிழைகள் மிகுதி என்று சொல்லி, போலி வழக்கறிஞர் அறிவிப்பு மூலம் அபராதம் கேட்டு மிரட்டுவது மற்றொரு முறை.

பணம் வந்து சேர்ந்துவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. முன்பின் அறியாதவர் யுபிஐ மூலம் அனுப்பும் தொகை வேறொருவரிடமிருந்து திருடப்பட்டதாக இருந்தால், பணம் சென்ற வழியைத் தொடரும் காவல்துறையினரின் கோரிக்கையின்பேரில் பணியாளரின் வங்கிக் கணக்கு முடக்கப்படலாம். உழைத்துப் பெற்ற பணம் அது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அப்போது அவர் தலையில் விழுகிறது.

தளத்திற்குள் இவ்வகை ஆபத்துகள் குறைவு. அப்வொர்க் தளத்தில், நிலையான தொகைக்குப் பேசப்பட்ட பணிகளில் பணம் முன்கூட்டியே தளத்தின் பொறுப்பில் வைக்கப்படுகிறது. பணியை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் வாடிக்கையாளர் பதிலளிக்காவிட்டால் அது தானாகவே பணியாளருக்கு விடுவிக்கப்படுகிறது. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பணிகளில், திரைப் பதிவுகளுடன் கூடிய பணிக் குறிப்பேடு சான்றாக அமைகிறது. உரையாடல் முழுவதும் தளத்திலேயே பதிவாகியிருந்தால் தகராறு எழும்போது அதுவும் ஆதாரமாகும்.

ஆகவே, ஒப்பந்தம் தொடங்கும் முன் தொடர்பு விவரங்களைப் பகிரத் தடை விதிப்பதில் நியாயம் உண்டு. கேள்வி அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றியது.

ஓயாத தரகு

வீட்டுத் தரகர் வீட்டைக் காட்டிக் கொடுத்ததற்கு ஒருமுறை தரகு பெறுகிறார். குடியிருப்பவர் மாதந்தோறும் செலுத்தும் வாடகையில் அவருக்குப் பங்கில்லை. ஃப்ரீலான்ஸ் தளமோ ஒவ்வொரு பணியிலும் பங்கு பெறுகிறது. முதல் பணியில் அந்தப் பங்கிற்கு ஈடாக அறிமுகம், மதிப்பீடு, பணப் பாதுகாப்பு ஆகியவை கிடைக்கின்றன. ஐம்பதாவது பணியில் இருவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். அறிமுகத்தின் மதிப்பு தேய்ந்துவிடுகிறது, கட்டணம் தேய்வதில்லை.

இதை அப்வொர்க் தளமே ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது. 2016-ல் அது கொண்டுவந்த முறைப்படி, ஒரு வாடிக்கையாளரிடம் ஈட்டும் முதல் 500 டாலருக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 10,000 டாலர் வரை 10 சதவீதம், அதையும் தாண்டினால் 5 சதவீதம் என உறவு நீள நீளக் கட்டணம் குறைந்தது. 2023-ல் இம்முறை கைவிடப்பட்டு 10 சதவீதச் சீரான கட்டணம் வந்தது. புதியவர்களுக்கு அது நன்மை. ஒரே வாடிக்கையாளரிடம் 30,000 டாலர் ஈட்டியவருக்கோ, பழைய முறையில் 2,050 டாலராக இருந்திருக்கும் கட்டணம் புதிய கணக்கில் 3,000 டாலர் ஆனது. நீண்ட உறவுக்கு இருந்த சலுகை போனது. வெளியேறத் தடை மட்டும் அப்படியே நின்றது. தரகைத் தவிர்க்கும் ஆசையை இத்தகைய கட்டண முறை வளர்க்கவே செய்கிறது.

நீதிமன்றமும் ஒரு பொத்தானும்

ஒருவர் சட்டப்பூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் எந்த உடன்பாடும் அத்தடை அளவுக்குச் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவு கூறுகிறது. பணிக்காலத்தில் விதிக்கப்படும் நியாயமான கட்டுப்பாடு செல்லும் என 1967-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணி முடிந்த பிறகும் தொடரும் தொழில் தடைகளை இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. இரண்டு ஆண்டுத் தடை இந்த அளவுகோலில் தேறுமா என்பது வாதத்திற்குரியது.

ஆனால் அந்த வாதம் நீதிமன்றத்தை எட்டுவதே அரிது. பல தளங்களின் ஒப்பந்தங்கள் அயல்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டவை. சில நூறு டாலருக்காக அயல்நாட்டில் வழக்காடுவது இயலாத காரியம். தளமும் வழக்குத் தொடுக்கத் தேவையில்லை. கணக்கை முடக்கினால் போதும். அதனுடன் பல ஆண்டுகளாகச் சேர்த்த நட்சத்திர மதிப்பீடுகள், வாடிக்கையாளர் கருத்துகள், தேடல் பட்டியலில் பெற்ற இடம் அனைத்தும் போய்விடும். அந்த நற்பெயரை வேறு தளத்திற்கு எடுத்துச் செல்ல வழியில்லை. பெரும்பாலும் வாடிக்கையாளருக்கு இழப்பு சிறிது. அவர் வேறொரு பணியாளரைத் தேடிக்கொள்வார். விதி இருவருக்கும் பொது என்றாலும் அதன் சுமை ஒருவர் மீதே விழுகிறது.

இந்தியச் சட்டத்தில் இதற்குத் தீர்வு இன்னும் முழுமையாக இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கிக் பணியாளர்களையும் தளப் பணியாளர்களையும் முதன்முறையாகத் தேசிய அளவில் வரையறுத்தது. தளங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு வழங்க வேண்டும் என்கிறது. பணியாளர்களுக்கு அளிக்கும் தொகையில் 5 சதவீதம் அதற்கு உச்சவரம்பு. அதன் அட்டவணையில் தொழில்முறைச் சேவைகளும் உள்ளடக்க, ஊடகச் சேவைகளும் இடம்பெற்றுள்ளன. எனினும் அச்சட்டம் காப்பீடு, நலத்திட்டங்களைப் பற்றியதே தவிர, கணக்கு முடக்கத்தைப் பற்றியது அன்று. அயல்நாட்டில் பதிவான தளங்களிடம் இப்பங்களிப்பை எவ்வாறு பெறுவது என்பதும் அரசின் முன்னுள்ள கேள்வி.

கர்நாடகம் ஒரு படி முன்னே சென்றுள்ளது. அம்மாநிலம் 2025-ல் இயற்றிய கிக் பணியாளர் சட்டம், ஒருவரை நீக்கும் முன் எழுத்துமூலம் காரணம் கூறவும் 14 நாள் முன்னறிவிப்பு அளிக்கவும் வலியுறுத்துகிறது. வாகன ஓட்டுநர்களையும் உணவு விநியோகப் பணியாளர்களையும் மையப்படுத்தி எழுந்த கோரிக்கை இது. மடிக்கணினி முன் அமர்ந்து பணிபுரிபவருக்கும் அதே கொள்கை பொருந்தாமல் போகக் காரணமில்லை.

வெளியே என்ன காத்திருக்கிறது?

தளத்தை விட்டு வெளியேறுவதே விடுதலை என்று கருதுவதும் தவறு. அயல்நாட்டு வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பணம் பெறுபவர், ஒவ்வொரு வரவுக்கும் விலைப்பட்டியலும் வங்கி அளிக்கும் அயல்நாட்டுப் பண வரவுச் சான்றும் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு தேவை. சேவை ஏற்றுமதிக்கு வரிவிகிதம் பூச்சியம். ஆனால், பணம் மாற்றத்தக்க அயல்நாட்டுச் செலாவணியாகவோ, ரிசர்வ் வங்கி அனுமதித்த வகையில் ரூபாயாகவோ வந்தால்தான் அது ஏற்றுமதி எனக் கருதப்படும். கிரிப்டோ நாணயத்தில் கூலி பெறுபவருக்கு இச்சலுகை கிடைப்பது கடினம்.

இந்திய வாடிக்கையாளர்கள் பணம் தராமல் இழுத்தடித்தால், அதிகம் அறியப்படாத ஒரு வழி உண்டு. உத்யம் தளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்ட சேவையாளருக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி கோரலாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2024 ஆகஸ்ட் முதல் ஃப்ரீலான்சர்களுக்கென்றே தனிச் சட்டம் உள்ளது. ஒப்பந்தத்தில் தேதி குறிப்பிடப்படாவிட்டால் பணி முடிந்த 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது அது. தளத்திற்கு வெளியே சட்டப் பாதுகாப்பு வலுவாகும் அளவுக்குத் தளத்தின் மீதான சார்பும் குறையும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, ஒரே விதியாக உள்ளதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒப்பந்தத்திற்கு முந்தைய தொடர்புத் தடை பாதுகாப்பு விதி. அதை மீறுவோருக்கு முதலில் எச்சரிக்கையும் விளக்கமும் போதுமானவை. தரகுத் தவிர்ப்பு ஒரு பணத் தகராறு. அதற்குரிய கட்டணத்தைக் கேட்கலாம், வாழ்வாதாரத்தையே பறிப்பது பொருத்தமன்று. இரண்டாவதாக, முடக்கத்திற்கு முன் எழுத்துமூலக் காரணமும், மனிதர் ஒருவர் பரிசீலிக்கும் மேல்முறையீடும், ஈட்டிய நிலுவைத் தொகையைப் பெறும் உரிமையும் வேண்டும். மூன்றாவதாக, பணியாளர் தம் மதிப்பீடுகளைச் சரிபார்க்கத்தக்க வடிவில் எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும்.

அதுவரை பணியாளர்கள் சில முன்னெச்சரிக்கைகளைக் கைக்கொள்ளலாம். ஒப்பந்தத்திற்கு முன் வெளியே வருமாறு அழைப்பவரைத் தவிர்ப்பது நல்லது. வேலை தருவதற்குப் பணம் கேட்பவர் எவராயினும் அது மோசடியே. பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். நீண்டகால வாடிக்கையாளருடன் நேரடியாகப் பணிபுரிய விரும்பினால், மாற்றுக் கட்டணத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அதை யார் செலுத்துவது என எழுத்தில் முடிவுசெய்யலாம். தளக் கணக்கில் பணத்தைத் தேங்க விடாமல் அவ்வப்போது வங்கிக்கு மாற்றுவதும், முடித்த பணிகளின் மாதிரிகளை வாடிக்கையாளரின் ஒப்புதலுடன் தனியே சேமிப்பதும் இழப்பைக் குறைக்கும்.

2020-21-ல் 77 லட்சமாக இருந்த கிக் பணியாளர் எண்ணிக்கை 2029-30-ல் 2.35 கோடியாக உயரும் என நிதி ஆயோக் 2022-ல் மதிப்பிட்டது. ஓட்டுநர் முதல் மொழிபெயர்ப்பாளர் வரை அனைவரும் அடங்கிய கணக்கு இது. இத்தனை பேரின் நற்பெயர் தனியார் நிறுவனங்களின் கணினிகளில் சேமிக்கப்பட்டிருக்கும்போது, அதை அழிக்கும் அதிகாரத்திற்கு ஒரு வரம்பு வகுப்பது அரசின் கடமையாகிறது.