அலமாரியில் ஒரு மஞ்சள் சட்டை

தீபாவளிக்கு வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு மஞ்சள் ஜெர்சியைத் தூக்கிக் காட்டி, "இதையும் பழைய துணி மூட்டையில கட்டிடவா?" என்று கேட்டார். பேராக் குழுவின் ஜெர்சி. 2018-இல் வாங்கியது. கழுத்துப் பக்கம் நைந்துபோய், நெஞ்சில் இருந்த எழுத்தும் பாதி உரிந்துவிட்டது.

"இருக்கட்டும், வை."

"குழுவே இல்லைங்கிறாங்க. சட்டை மட்டும் எதுக்கு?"

சோபாவில் கைப்பேசியும் கையுமாகச் சாய்ந்திருந்த என் தங்கை மகன் தலையைத் தூக்கினான். வயது 19. லிவர்பூல் ரசிகன். சிங்கப்பூரைத் தாண்டி எங்கும் போனதில்லை என்பது வேறு விஷயம். "மாமா, பேசாம ஜேடிடிக்கு மாறிடுங்க. காசு உள்ளவன் ஜெயிக்கிறான். அவ்ளோதான் கதை" என்றான்.

அன்றைக்கு அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. முறுக்கு பிழிய ஆள் தேவைப்பட்டதால் பேச்சு அத்தோடு நின்றுபோனது. இந்த வாரம் நான் எழுதுவது அவனுக்கான பதில்தான். நீங்களும் கூடவே இருந்து கேளுங்கள்.

போயான் ஹோடாக் என்ற குரோஷியப் பயிற்றுநரை நம் நாட்டுக் காற்பந்தைப் பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2012-இல் கிளந்தானுக்கு சூப்பர் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் ஒரே ஆண்டில் வாங்கிக் கொடுத்தவர். 2014-இல் ஜொகூர் டாருல் தாக்சிம், அதாவது நம் ஜேடிடி, முதன்முறையாக லீக் பட்டம் வென்றபோதும் அவர்தான் பயிற்றுநர். 2021-இல் கோலாலம்பூர் சிட்டி அதே ஜேடிடியை 2-0 என்று வீழ்த்தி, 32 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்ததே, அதற்கும் அவர்தான். ஆள் ஒருவர், வென்ற குழுக்கள் மூன்று. ஆனால் அவர் போன பிறகு அந்த மூன்று குழுக்களும் ஒரே மாதிரி இருந்தனவா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில் கிளந்தான். 1921-இல் தொடங்கிய மலேசியக் கிண்ணத்தை அந்த மாநிலம் முதன்முதலாகத் தொட்டது 2010-இல்தான். அப்போது பயிற்றுநர் மறைந்த பி. சத்தியநாதன். மறு ஆண்டு லீக் பட்டம், பயிற்றுநர் எம். கரத்து. அதற்கடுத்த ஆண்டுதான் ஹோடாக்கின் மூன்று கிண்ணம். கிளந்தானின் பொற்காலத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் நம்மவர்கள் இருவர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அந்த நாட்களில் கோத்தா பாரு சுல்தான் முகமது அரங்கம் வழிந்த விதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் இறுதியாட்டம் என்றால் ஷா ஆலம், புக்கிட் ஜாலில் எல்லாம் சிவப்பாகிவிடும். பேருந்தில் வந்தவர்கள் பாதி. இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு ஊர் நினைப்பில் இருந்தவர்கள் மீதி. கிளந்தான்காரருக்குத் தன் பேச்சு தனி, சாப்பாடு தனி. ஊரைவிட்டு வந்து நாலு இடத்தில் சிதறிக் கிடந்தவர்களை 90 நிமிடம் ஒன்றாக உட்கார வைத்தது அந்தச் சிவப்புச் சட்டை. நடுக்களத்தில் 'பியா' என்று எல்லாரும் செல்லமாக அழைத்த பத்ரி ராட்சி பந்தைத் தொட்டால், பக்கத்து வீட்டுப் பையன் தொட்ட மாதிரி இருக்கும் அவர்களுக்கு. அடையாளம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

அடையாளம் போதவில்லை என்பதுதான் வருத்தம். கிண்ணம் வந்த வேகத்தில் செலவும் ஏறியது, வரவு ஏறவில்லை. சம்பள பாக்கிச் செய்திகள் வர ஆரம்பித்தன. 2018-இல் சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கினார்கள். பிறகு தனியார் கைக்குப் போய், திரும்பி மேலே வந்து, 2023-இல் கடைசி இடத்தில் முடித்து, அடுத்த பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் போனது. மூன்று கிண்ணம் வாங்கிய 11 ஆண்டுகளில் குழுவே காணாமல் போய்விட்டது. இப்போது வேறொரு குழு 'தி ரியல் வாரியர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு கிளந்தான் பெயரில் ஆடுகிறது. 'உண்மையான' என்று பெயரிலேயே எழுதிக்கொள்ள வேண்டி வந்ததைக் கவனியுங்கள்.

இனி மருமகன் சொன்ன காசுக்கு வருவோம். 2013-இல் துங்கு இஸ்மாயில் ஜொகூர் காற்பந்தைக் கையில் எடுத்துப் பெயரை மாற்றியபோது, பணம் தண்ணீராகப் பாய்ந்தது உண்மை. ஸ்பெயின் தேசியக் குழுவில் ஆடிய டானி குயிசாவே வந்து இறங்கினார். உள்ளூர் நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பலன் என்ன? அந்த ஆண்டு எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தான் அவர்களை 1-0 என்று வென்றது. லீக் பட்டமோ சிங்கப்பூருக்குப் போனது. பெரும்பாலும் இளம் சிங்கப்பூர் ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, வி. சுந்தரமூர்த்தி பயிற்றுவித்த லயன்ஸ் 12 குழு! மறு ஆண்டு அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமாரைக் கொண்டுவந்தார்கள். காயத்தால் சில ஆட்டங்களோடு மூட்டை கட்டிவிட்டார். ஆக, மருமகனே, காசு மட்டும் இருந்த ஆண்டில் ஜேடிடிக்கு ஒரு கிண்ணமும் கிடைக்கவில்லை.

2014-இல் தொடங்கிய லீக் பட்டம் 2024-25 வரை 11 முறை தொடர்ந்து அவர்களிடமே இருக்கிறது. 2015-இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் குழு அவர்கள்தான். இடையில் மாறியது என்ன? பெரிய பெயர்களுக்குப் போன பணம், மெல்ல மெல்ல வேறு இடத்துக்குப் போனது. பயிற்சித் திடல், உடற்பயிற்சிக் கூடம், மருத்துவர், இரண்டாம் குழு, மூன்றாம் குழு, இளையர் பயிற்சிக் கழகம். 2020-இல் 40,000 பேர் அமரும் சொந்த அரங்கம். பயிற்றுநர் மாறினாலும் (அடிக்கடி மாறினார்கள்) குழு ஆடும் விதம் பெரிதாக ஆட்டம் காணவில்லை. நம் எஸ். குணாளன் 2014-இல் போனவர், பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். மற்ற குழுக்களில் இரண்டு பருவத்துக்கு ஒருமுறை முகங்கள் மொத்தமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. மாதச் சம்பளம் மாதத்தில் வந்தால் எந்த ஆட்டக்காரர்தான் ஓடுவார்?

இன்னொன்றும் உண்டு. அதற்கு முன் ஜொகூரில் ஜொகூர் மாநிலக் குழு, ஜொகூர் எஃப்சி என்று இரண்டு இருந்தன. 1991-இல் லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற மாநிலம், அதன் பிறகு இருபது ஆண்டுகள் இரண்டு பெயரில் பிரிந்து கிடந்தது. ஒரே சட்டை, ஒரே பெயர் என்று ஆனதும் ரசிகருக்குக் குழப்பம் தீர்ந்தது. 'லுவாஸ்கான் குவாசாமு ஜொகூர்' என்று லார்க்கின் அரங்கில் அவர்கள் முழங்கியதில் புதிதாக எதுவும் இல்லை. ஜொகூர்காரருக்கு எப்போதும் உள்ள மாநிலப் பெருமைதான். அதற்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது.

ஜேடிடி மேல் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. எல்லாம் ஓர் அரண்மனையை, ஒரு மனிதரின் ஆர்வத்தைச் சுற்றி நிற்கிறது. பருவம் தொடங்கும்போதே முடிவு தெரிந்த லீக்கை எத்தனை பேர் பார்ப்பார்கள்? ஆனால் அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது, வகுப்பில் முதல் மாணவன் படிப்பதைக் குறை சொல்வது மாதிரி.

கோலாலம்பூர் சிட்டியின் கதை சுருக்கம். 2021 கிண்ணம் ஓர் அருமையான இரவு. ஒரு நல்ல பயிற்றுநரும் கட்டுப்பாடான தற்காப்பும் இருந்தால் ஓர் இரவை வெல்லலாம். தலைநகரின் சிக்கல், அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வேறு ஊர்க்காரர்கள். கோலாலம்பூரில் முப்பது ஆண்டு வாழ்ந்தவரைக் கேட்டாலும், "எங்க குழு கெடா" என்பார்.

சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த கதைக்கு வந்துவிட்டேன். பெட்டாலிங் ஜெயா சிட்டி.

மலேசிய இந்தியக் காற்பந்து சங்கமான மீஃபாவின் குழு 2017-இல் பிரிமியர் லீக்கில் அடியெடுத்து வைத்தபோது இதே ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் எவ்வளவு எழுதினோம்! "நமக்கென்று ஒரு குழு" என்ற சொல்லை நானும் எழுதியிருக்கிறேன். 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கே வந்துவிட்டார்கள். சம்பள பாக்கிக்காக அவர்கள் பெயர் அடிபட்டதாக எனக்கு நினைவில்லை. 2021-இலும் 2022-இலும் பி. மணியம் பயிற்சியில், வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் முழுக்க உள்ளூர் ஆட்டக்காரர்களோடு ஆடினார்கள். மற்றவர்கள் பிரேசில், ஆப்பிரிக்கா என்று தாக்குதல் ஆட்டக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் டாரன் லோக்கை முன்னால் நிறுத்தினார்கள். பட்டத்துக்குப் போட்டியிட்ட குழுவல்ல. ஆனால் இதுதான் நாங்கள் என்று சொல்லிக்கொண்டு ஆடிய குழு.

2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன். கிளானா ஜெயா அரங்கத்துக்கு என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். அந்த நான்கு பருவங்களில் நான் போனது இரண்டு ஆட்டம். அதில் ஒன்றுக்கு நண்பர் இலவச டிக்கெட் கொடுத்தார். கோவிட் காலம் என்று சொல்லலாம். அது ஒன்றரை ஆண்டுக்குத்தான் பொருந்தும். அந்த இரண்டு ஆட்டத்திலும் என்னைச் சுற்றி இருந்த இருக்கைகள் காலியாகவே இருந்தன. என்னைப் போலவே எழுதியவர்கள், பேசியவர்கள், மாமாக் கடையில் மார்தட்டியவர்கள் யாரையும் அங்கே காணவில்லை.

சோம்பல் மட்டும் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த தமிழருக்குக் குழு ஏற்கெனவே இருந்தது. எம். சந்திரன், 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம், கே. ராஜகோபால் எல்லாம் போட்ட சிலாங்கூர் சட்டை. அப்பா கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியது அதைத்தான். நம் இனத்தவர் நடத்துகிறார்கள் என்பதற்காக ஒருவர் நெஞ்சில் இருக்கும் சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொள்ள முடியுமா? என்னால் முடியவில்லை. என் சட்டை சிலாங்கூர்கூட இல்லை, பேராக்.

சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து லாரியில் ஏறி ஈப்போ அரங்கத்துக்குப் போவோம். அப்பா பால்வெட்டு முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், கோயிலுக்குப் போகிற மாதிரி. தோற்றால் திரும்பும் வழியில் லாரியில் ஒருவரும் பேச மாட்டார்கள். 28 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 1998-இல் மலேசியக் கிண்ணம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். 2018-இல் ஷா ஆலமில் திரெங்கானுவோடு 3-3 என்று சமனாகி, பினால்டியில் வென்றபோது இல்லை. அந்த ஆட்டத்துக்கு வாங்கியதுதான் இந்த மஞ்சள் சட்டை.

அதன் பிறகு மாநிலக் குழுக்கள் எல்லாம் நிறுவனங்களாக மாற வேண்டும் என்று விதி வந்தது. பேராக் தனியார் கைக்குப் போனது. கிளந்தானில் பார்த்த படமே மறுபடியும் ஓடியது. 2025-இல், 2024-25 பருவம் முடிந்ததும், லீக்கிலிருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஸ்ரீ பகாங்கும் விலகியது. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. பழைய பெயர்கள் இவை. மூன்றுக்கும் ரசிகர் இருந்தார்கள், பழைய கிண்ணங்கள் இருந்தன. கணக்குப் புத்தகம்தான் இல்லை. ஜேடிடியிடம் இருந்து அவர்கள் கற்றுக்கொண்டது குயிசாவை வாங்கிய முதல் ஆண்டை மட்டும்தான் போலிருக்கிறது. அதற்கப்புறம் வந்த திடல், மருத்துவர், மூன்றாம் குழு எதையும் யாரும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் தொலைபேசியில் மருமகனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பொறுமையாகத்தான் கேட்டான். பிறகு, "சரி மாமா, சிலாங்கூர் இப்ப பிஜேல, அந்த கிளானா ஜெயா ஸ்டேடியத்துலதான விளையாடுறாங்க? அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கிறேன், வர்றீங்களா?" என்றான்.

போட்டுக்கொண்டு வர என்னிடம் சிலாங்கூர் சட்டை கிடையாது என்றேன்.

"அந்தப் பேராக் சட்டையவே போட்டுக்கிட்டு வாங்க. மஞ்சள்தான, யாரும் கேட்க மாட்டாங்க."