கப்பல் ஏறும் முன் ஒரு டிக்

ஒரு சின்னப் பொய்யில் இருந்து ஆரம்பிக்கிறேன். பொய் சொல்லச் சொன்னது என் மாமா. க்ளிக் செய்தது நான்.

2025 மே மாதம் அத்தையும் மாமாவும் சிங்கப்பூர் போனார்கள். அங்கிருந்து மூன்று இரவு சொகுசுக் கப்பல் பயணம். மாமா ரிட்டயர் ஆனதில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்த ஆசை அது. வீட்டில் பி.காம் படிக்கிற பையன் ஒருவன் இருந்துவிட்டால் டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் அவன் தலையில்தானே விழும்! கப்பலுக்கான ஆன்லைன் செக்-இன் கணக்கும் என்னிடம்தான் இருந்தது.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடந்த சில நாட்களில் காய்ச்சல் இருந்ததா, வாந்தி இருந்ததா, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று நாலைந்து கேள்விகள். கடமைக்காக மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாப்ளே, எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுரு. ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன். சாப்பாடு சேரலை, அவ்வளவுதான். இப்ப நல்லாத்தான் இருக்கேன். ஆமான்னு போட்டா ஏத்த மாட்டான். ஒண்ணேகால் லட்சம் போயிரும்."

போட்டுவிட்டேன். அவர்கள் போனார்கள், சாப்பிட்டார்கள், மேல்தளத்தில் நின்று நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஜூலையில் பெரியப்பா மகன் ஊருக்கு வந்தார். எங்கள் அண்ணன் வேறொரு சொகுசுக் கப்பலின் சமையல் கூடத்தில் வேலை பார்க்கிறார். எட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் தூத்துக்குடியில். அவரிடம் இந்தக் கதையை ஒரு காமெடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏலே, மாமாவுக்கு ஒண்ணும் ஆகலை, சரி. கப்பல்ல நாலு பேருக்கு வாந்தி வந்தா மறுநாள் எங்களுக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கப்பல்களில் அடிக்கடி பரவும் வயிற்று நோய்க்குக் காரணம் பெரும்பாலும் நோரோவைரஸ். கண்ணுக்குத் தெரியாத சில துகள்களே போதும், இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ள. கைப்பிடிக் கம்பி, லிஃப்ட் பொத்தான், பஃபேயில் எல்லோரும் தொடும் கரண்டி, எல்லாம் அதற்கு வழிதான். நாம் கொரோனா காலத்தில் பழகிய சானிடைசர் இதனிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். முக்கியமான விஷயம், வாந்தி நின்று உடம்பு தேறிய பிறகும் பல நாட்களுக்கு அந்த ஆளிடம் இருந்து மற்றவர்களுக்குப் பரவலாம். ஆக, "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்பது மாமாவுக்கு நல்ல செய்தி. பக்கத்தில் நிற்பவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

நோய் பரவ ஆரம்பித்துவிட்டால் பஃபேயில் பயணிகள் தாங்களே எடுத்துச் சாப்பிடுவது நிறுத்தப்படும். ஒவ்வொரு தட்டுக்கும் ஊழியர் நின்று பரிமாற வேண்டும். கம்பி, கதவு, மேசை என்று திரும்பத் திரும்ப மருந்து போட்டுத் துடைக்க வேண்டும். உணவைத் தொடும் ஊழியருக்கு நோய் வந்தால், அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம் தனி அறை. அவர் வேலையைப் பக்கத்து ஆள் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல் என்றால், பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு இந்த நோய் வந்தாலே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பலின் பெயரைப் போட்டு வெளியிட்டுவிடும். 2024-ல் மட்டும் அப்படி 18 சம்பவங்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நோரோவைரஸ் பரவிய சம்பவங்கள் மொத்தத்தில் கப்பல்களின் பங்கு 1 சதவீதம் அளவுதான் என்று அதே மையம் சொல்கிறது. நம் கல்யாண மண்டபப் பந்தியிலும் விடுதி மெஸ்ஸிலும் பரவுவதை யார் எண்ணுகிறார்கள்? ஆனால் மண்டபத்தில் இருந்து வீட்டுக்குப் போய்விடலாம். கப்பலில் இருந்து எங்கே போவது?

இந்தக் கேள்வியின் கனம் உலகத்துக்குப் புரிந்தது 2020 பிப்ரவரியில். ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலை மறந்திருக்க மாட்டீர்கள். 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா. பயணிகள் கேபினுக்குள் அடைக்கப்பட்டபோது அவர்கள் கதவு வரை சாப்பாடு கொண்டுபோனது ஊழியர்கள்தான். அந்தக் கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். அப்போது நான் பள்ளியில் இருந்தேன். அண்ணன் வேறு கப்பலில் இருந்தார். பெரியம்மா டிவியை அணைக்கவே இல்லை.

அதன் பிறகுதான் ஏறும் முன் பரிசோதனை என்பது கட்டாயமானது. ஆனால் இந்தப் பரிசோதனையை ஒரு பூட்டு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு போட்டோ மாதிரி. எடுத்த நேரத்தில் என்ன தெரிந்ததோ அதுதான் வரும். 2021 ஜூனில் செலிப்ரிட்டி மில்லேனியம் கப்பலில், பெரியவர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள், 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகடிவ் ரிசல்ட்டுடன் ஏறியவர்கள். அப்படியும் பயணத்தின் முடிவில் ஒரே கேபினில் இருந்த இரண்டு பேருக்கு பாசிட்டிவ்.

தலைகீழாகவும் நடக்கும். 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் இருந்து எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் கடலைச் சுற்றித் திரும்பும் பயணமாகக் கிளம்பியது குவான்டம் ஆஃப் தி சீஸ். எல்லோரும் பரிசோதித்து ஏற்றப்பட்டவர்கள். நடுவில் 83 வயதுப் பயணி ஒருவர் வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போனார். டெஸ்ட் எடுத்தார்கள், பாசிட்டிவ். கப்பல் திருப்பப்பட்டது. சுமார் 1,700 பயணிகள் மணிக்கணக்கில் கேபினுக்குள். கரையில் மறுபடி பரிசோதித்தால் நெகடிவ்! அவருக்குக் கொரோனாவே இல்லை.

இதையெல்லாம் வைத்து "அப்போ டெஸ்ட்டே வேஸ்ட்" என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த 83 வயதுக்காரரைப் பாருங்கள். கப்பலில் எல்லோரையும் காப்பாற்றக்கூடிய ஒரு காரியத்தை அவர் செய்தார். உடம்பு சரியில்லை என்று தானே போய்ச் சொன்னார். டெஸ்ட் தவறலாம், ஆனால் யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் எந்த டெஸ்ட்டும் சரியான ஆளுக்குப் போய்ச் சேரும். இன்றைக்குப் பெரும்பாலான கப்பல்களில் கொரோனா டெஸ்ட் இல்லை. மிச்சம் இருப்பது அந்தப் படிவமும் நம் நாணயமும்தான்.

இங்கேதான் என் காமர்ஸ் மூளை விழித்துக்கொள்கிறது. உண்மை சொன்னால் என் மாமாவுக்கு ஒண்ணேகால் லட்சம் நஷ்டம் என்று அவர் நம்பினார். பொய் சொன்னால் அவருக்குச் செலவு பூஜ்யம். அந்தப் பொய்யால் செலவு வந்தாலும் அது வேறு யார் தலையிலோ விழும். இப்படி ஒரு கணக்கை எதிரில் வைத்துவிட்டு, "நேர்மையாகப் பதில் அளிக்கவும்" என்று கீழே ஒரு வரி போட்டால் எத்தனை பேர் நேர்மையாக இருப்பார்கள்? இதில் மாமாவை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நான் எந்தத் தயக்கமும் இல்லாமல்தானே டிக் அடித்தேன்.

நான் சொல்ல வருவது இதுதான். ஏறும் முன் உடல்நிலை பற்றிக் கேட்பது கப்பல் கம்பெனியின் உரிமை. ஆனால் உண்மை சொல்கிறவன் பணத்தை இழக்கக் கூடாது. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் கேட்டால் அந்தப் படிவம் வெறும் சடங்கு.

கேள்வித்தாளையே நம்பி ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தீர்ப்பே இருக்கிறது. 2020 மார்ச் 8 அன்று சிட்னியில் இருந்து கிளம்பிய ரூபி பிரின்சஸ் கப்பலில் 2,600-க்கும் மேற்பட்ட பயணிகள். அவர்களில் 600-க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா வந்தது, அந்தக் கப்பலுடன் தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட மரணங்கள் 28. 2023 அக்டோபரில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம், கப்பலை இயக்கிய தரப்பு கவனக் குறைவாக நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது. ஏறும் முன் செய்யும் சோதனை நோயுள்ள எல்லோரையும் பிடித்துவிடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும், அப்படியும் கிளம்பினார்கள் என்பது அதன் சாரம். அதாவது பயணியிடம் ஒரு டிக் வாங்கிவிட்டதால் மட்டும் கம்பெனியின் பொறுப்பு முடிந்துவிடாது.

சரி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கட்டுப்படி ஆகுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கற்பனைக் கணக்குதான். 3,000 பயணிகள், ஆளுக்கு டிக்கெட் 60,000 ரூபாய். ஒரு பயணத்துக்கு 15 பேர் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று உண்மையைச் சொல்லி நின்றுவிடுகிறார்கள். முழுப் பணத்தையும் திருப்பினால் 9 லட்சம். 3,000 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 300 ரூபாய். கப்பலில் ஒரு காபியும் கேக்கும் அதைத் தாண்டிவிடும்!

"சும்மாவே உடம்பு சரியில்லை என்று சொல்லி ரீஃபண்ட் வாங்குவார்களே?" என்று கேட்பீர்கள். வாங்குவார்கள். நாம்தான் ஆச்சே! அதற்கும் வழி உண்டு. துறைமுகத்தில் ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். கையில் காசு வேண்டாம், வேறொரு தேதிக்கு அதே டிக்கெட்டை மாற்றிக் கொடுக்கட்டும். ஊர் சுற்ற ஆசைப்பட்டவனுக்குத் தேதி மாறினால் பரவாயில்லை. ஏமாற்ற வந்தவனுக்கு அதில் பெரிய லாபம் இல்லை. கொரோனா காலத்தில் பல கம்பெனிகள் இப்படித் தேதி மாற்றமும் அடுத்த பயணத்துக்கான வரவும் கொடுத்தவைதான். ஆபத்துக் காலத்தில் முடிந்தது சாதாரணக் காலத்தில் முடியாதா?

கடைசியாக அண்ணன் விஷயம். பயணி ஒருவர் ஒரு படிவத்துக்கே இவ்வளவு அலுத்துக்கொள்கிறார். கப்பல் ஊழியருக்கு மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் வேலையே கிடையாது. கண், காது, ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே என்று தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ன்படி அந்தச் சான்றிதழ் அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். வேலைக்கு ஆள் எடுக்க ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்கிற அதே உடன்படிக்கை, இந்த மருத்துவச் சான்றிதழின் செலவை அவர் தலையில் போட அனுமதிக்கிறது.

இரண்டு வருடம் முன்பு அண்ணனின் எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. சின்ன வயதில் வந்த நிமோனியாவின் தழும்பு. அதை நிரூபிக்க ஸ்கேன், சளிப் பரிசோதனை என்று மூன்று வாரம் சென்னையில் அலைந்தார். எல்லாம் சொந்தச் செலவு. ரிசல்ட் சுத்தமாக வந்தபோது அவர் இடத்தில் வேறு ஆள் ஏறிவிட்டார். அடுத்த கப்பலுக்கு நாலு மாதம். சம்பளம் கிடையாது. அந்த நாலு மாதம் பெரியப்பா வீட்டில் எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும், அப்பாதான் அரிசி மூட்டை இறக்கினார்.

அவர் ஒரு தடவைகூட "எதுக்கு இந்த டெஸ்ட்" என்று கேட்டதில்லை. "மூவாயிரம் பேர் சாப்பாட்டுல கை வைக்கிறோம், பார்க்கத்தானே செய்வான்" என்றுதான் சொன்னார். அப்படிப்பட்டவர் நிற்கும் சமையல் கூடத்துக்கு எதிரில்தான் யாரோ ஒரு மாமா, யாரோ ஒரு மாப்பிள்ளை அடித்த டிக்கோடு தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். உண்மை சொன்ன பயணிக்கும் பணம் போகக் கூடாது, உடம்பு சுத்தம் என்று நிரூபித்த ஊழியருக்கும் சம்பளம் போகக் கூடாது. பரிசோதனையின் பலன் கம்பெனிக்கு என்றால் அதன் செலவும் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். லாபம் ஒரு பக்கம், நஷ்டம் ஒரு பக்கம் என்று எழுதினால் எங்கள் கணக்கியல் சார் அந்தப் பேப்பரைத் திருத்தவே மாட்டார்.

மாமா அடுத்த வருடம் மறுபடி கப்பலில் போகணும் என்கிறார், இந்தத் தடவை ஐந்து இரவு. புக்கிங்கும் படிவமும் வழக்கம்போல என்னிடம்தான் வரும். டிக்கெட் போடும்போதே நோய் வந்தால் பணம் திரும்பும் காப்பீடு ஒன்றையும் சேர்த்துப் போடப் போகிறேன். "எதுக்கு மாப்ளே தண்டச் செலவு?" என்று கண்டிப்பாகக் கேட்பார். அண்ணனைப் பேசச் சொல்லி போனைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?