பார்க்காத சரக்குக்கு முன்பணம்

விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு மணிலா வரத்து மிகும் நாள்களில் வியாபாரிகளைக் கவனித்திருப்போம். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, ஈரமா, சொத்தையா என்று பார்த்த பின்பே விலை சொல்வார்கள். உணவுக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரிடம் நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது.

இதே ஊர்களில் நம் பிள்ளைகள் பெருநாள் காசைச் சேர்த்து, இன்னும் வெளிவராத வீடியோ கேமுக்கு முழு விலையையும் கட்டிவிட்டுக் காத்திருக்கின்றனர். விழுப்புரம் சந்திப்பில் ரயிலேற முன்பதிவு செய்வதில் பொருளுண்டு, இருக்கைகள் குறைவு. இணையக் கடையில் விற்கும் கேமோ தீர்ந்துபோகும் சரக்கன்று. பின் எதற்கு முன்பணம்?

கடையின் முகப்பில் இடம் பிடிக்கத்தான். ஸ்டீம் கடையில் 'அதிகம் விற்பவை' பட்டியல் வருவாயை வைத்து அமைகிறது. முன்பதிவுப் பணமும் அக்கணக்கில் சேரும். ஆக, வாங்கியவர் ஒருவரும் ஆடிப் பாராத கேம் பட்டியலின் உச்சியில் நிற்கும். அதைக் கண்டு அடுத்தவரும் பணம் கட்டுவார்.

சைபர்பங்க் 2077 கேமுக்கு ஏறத்தாழ 80 லட்சம் முன்பதிவுகள் குவிந்தன. வெளியீட்டு நாள் மும்முறை தள்ளிப்போய், 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. பழைய பிளேஸ்டேஷன்களில் அது பழுதுகளோடு தடுமாறவே, ஒரு வாரத்திலேயே சோனி தன் கடையிலிருந்து அதை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

முன்பணம் யாவும் தவறென்று நாம் சொல்லவில்லை. மதீனாவாசிகள் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே கனிகளுக்குப் பணம் கொடுத்து வந்தனர். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்றார்கள் (புகாரீ, முஸ்லிம்). இதுவே ஸலம் வணிகம். முடிவுறாத கேமுக்கு முன்னோட்டக் காணொளியா அளவு? தவணையோ மும்முறை நகர்கிறது. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களே சொல்லட்டும்.

வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறலாமே என்பார்கள். உண்மைதான், நம் நட்டம் குறையும். ஆனால், நம் பணத்தால் உயர்ந்த அந்தப் பட்டியலை நம்பி வாங்கியவருக்கு என்ன பதில்? வாங்கும் எண்ணமின்றி விலையேற்றிப் பிறரை இழுக்கும் நஜ்ஷ் தடுக்கப்பட்டது. முன்பதிவு நஜ்ஷ் அன்று. வாங்கும் எண்ணம் மெய்யானது. எனினும் பார்க்காத சரக்குக்குச் சாட்சி சொன்னதாகிவிடுகிறதே என்பதுதான் நம் உறுத்தல்.

சிறு படைப்பாளிகள் என்னாவது? கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் காட்டும் 'வெண்பா' (2023) போன்றவை கண்ணில் பட வேண்டாமா? வேண்டும். ஸ்டீமில் வரவிருக்கும் கேம்களின் பட்டியலை உயர்த்துவது விருப்பப் பட்டியல். அதில் சேர்க்கக் காசு தேவையில்லை. 'காத்திருக்கிறேன்' என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதுமில்லை. பிள்ளைகள் அதைச் செய்யட்டும். வெளிவந்த பின், ஆடியவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு வாங்கட்டும். வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் அப்போதும் பணம் திரும்பக் கிடைக்கும்.