ஹெவி லைசென்ஸும் கிளீனர் சீட்டும்

லாரி ஓட்டுவதில் என்ன சாதி இருக்கிறது என்று கேட்கிறார்கள். 1929இல் சாலிஸ்காவ் ஊரில் அண்ணல் அம்பேத்கருக்கு நேர்ந்த விபத்திலிருந்து தொடங்கலாம். தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக அவர் பயணம் செய்துகொண்டிருந்தார். ரயில் நிலையத்திலிருந்து மகர் குடியிருப்புக்கு அவரை ஏற்றிச்செல்ல ஒரு குதிரை வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. விருந்தாளியை நடக்கவிட மனமில்லாத அந்த மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களில் ஒருவரை ஓட்டவைத்தார்கள். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது.

இதைத் தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். பாரிஸ்டர் பட்டம் பெற்றவரைவிடத் தன்னை உயர்ந்தவராக ஒரு வண்டிக்காரர் நினைத்துக்கொள்ள முடிகிறதே என்ற கோணத்தில்தான் நாம் பெரும்பாலும் இந்தச் சம்பவத்தைப் பேசுகிறோம். அது சரிதான். ஆனால் எனக்கு அன்று கடிவாளத்தைப் பிடித்திருந்த அந்தப் பெயர் தெரியாத மனிதரின் ஞாபகம் வருகிறது. அதுவரை அவர் கையில் யாரும் கடிவாளத்தைக் கொடுத்ததில்லை. முதல் முறை கொடுத்தபோது வண்டி கவிழ்ந்தது. பார்த்தவர்கள் "இவனுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நான் கீழவாஞ்சூர்க்காரன். நாகூரிலிருந்து வடக்கே எல்லையைத் தாண்டியதும் வரும் காரைக்கால் பகுதி. 2009இல் இங்கே தனியார் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2023இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. நிலக்கரி லாரிகள் போவதையும் வருவதையும் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அப்பா, அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இப்போது அறுவடையை மெஷின் செய்கிறது. எங்கள் தெருப் பையன்களுக்குக் கண்ணெதிரே இருக்கும் வேலை அந்த லாரிதான்.

எனக்கு வயது 24. கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு மூன்று வருடமாகக் குட்டி யானை ஓட்டுகிறேன். மீன் பெட்டி, கீற்று, கல்யாணப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அதற்கு மேலே போனால் ஹெவி வேண்டும். டாரஸும் டிரெய்லரும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. சம்பளமும் அந்தப் பக்கம்தான்.

ஹெவி டெஸ்டில் நான் ஃபெயில். கியர், சிக்னல், மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் முடிந்தது. லாரியை ரிவர்ஸ் எடுத்து இரண்டு கம்புகளுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார்கள். பின் சக்கரம் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. டெஸ்ட் வைத்தவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. கோடு கோடுதான்.

ஆனால் காத்திருந்தவர்களில் ஒருவர், முன்னமே என் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, "எந்தத் தெரு?" என்றும் கேட்டுக்கொண்டவர், சிரித்தபடி சொன்னார்: "தம்பி, இதுல கோட்டா கிடையாதுப்பா."

அவருக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். அவரைப் போலப் பேசுபவர்கள் நிறைய இருப்பதால் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஹெவி வண்டி ஓட்டுவதை யாரும் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்வதில்லை. நான் சேர்ந்த ஸ்கூலில் ஒரு லாரிக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர். தலைக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். ரிவர்ஸ் என்பது கண்ணாடியில் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, அது இன்னும் இரண்டு நொடியில் எங்கே போகும் என்று கணிப்பது. அந்தக் கணக்கு நூறு முறை எடுத்துப் பார்த்தால்தான் உடம்பில் ஏறும். மாதக் கணக்கில் கிளீனராகப் போனவர்களுக்கு அது ஏறிவிடுகிறது. ஆளில்லாத ரோட்டில் டிரைவர் "கொஞ்சம் பிடிடா" என்பார். லோடு இறக்கும் இடத்தில் "நீ ரிவர்ஸ் எடு, நான் சைடு சொல்றேன்" என்பார். இப்படித்தான் தமிழ்நாட்டு லாரி டிரைவர்களில் பெரும்பாலோர் உருவானார்கள்.

அப்படியானால் உண்மையான பள்ளிக்கூடம் கிளீனர் சீட்டு. அதில் யார் உட்காருகிறார்கள்?

டிரைவரின் அக்கா மகன், மச்சினன், ஊர்க்காரப் பையன். சொந்தத்துக்குள், தெருவுக்குள், தெரிந்த இடத்துக்குள். இதற்கு விளம்பரம் கிடையாது, நேர்காணல் கிடையாது. லாரி கேபின் என்பது ஒரு வீடு. அதற்குள் ஒரு அடுப்பு, ஒரு சோற்றுப் பாத்திரம், ஒரு தண்ணீர் கேன், ஒரு படுக்கை. வாரக்கணக்கில் இரண்டு பேர் அதில் சேர்ந்து சமைத்து, சாப்பிட்டு, தூங்க வேண்டும். தன் வீட்டு அடுப்படிக்குள் விடாதவரை ஒருவர் கேபினுக்குள் மட்டும் விடுவாரா? விட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். நான் கேட்டுப்போன இடங்களில் மூன்று பேர் "ஆள் இருக்குப்பா" என்றார்கள். மூன்று பேருமே அடுத்த வாரம் வேறொரு பையனோடு போனார்கள். லோடு ஏற்றி இறக்கவோ, தார்ப்பாய் கட்டவோ எங்களைக் கூப்பிடுவதற்கு யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை. கழிவுநீர் லாரி வந்தால் பாருங்கள், ஸ்டியரிங்கில் யார், குழாயைப் பிடிப்பவர் யார் என்று.

இந்த டெல்டாவில் வண்டி என்பது ஒரு தகுதிச் சான்றாகவும் இருந்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கீழ்வெண்மணி தூரமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் அங்கே எரிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் நிலவுடைமையாளர்களை விடுவித்த சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் சொன்ன காரணங்களில் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. இவர்களில் பெரும்பாலோர் நிலபுலம் உள்ள பணக்காரர்கள், கோபாலகிருஷ்ண நாயுடு கார் வைத்திருப்பவர், இவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது என்றது நீதிமன்றம். கார் வைத்திருப்பவர் குற்றம் செய்யமாட்டார்! அதே சமூகம்தான் இன்று, கையில் வண்டி கிடைக்காதவனிடம் உனக்குத் திறமையில்லை என்கிறது.

ஆகவே 'கோட்டா' என்று சிரித்தவருக்கு என் பதில் இது. கிளீனர் சீட்டில் ஏற்கெனவே இடஒதுக்கீடு இருக்கிறது. அதை எந்தச் சட்டமும் எழுதவில்லை. நூற்றுக்கு நூறும் சொந்த சாதிக்கே போகிறது. அந்த ஒதுக்கீட்டில் வளர்ந்தவர் டெஸ்டில் ஒரே தடவையில் பாஸ் ஆகிறார், அதற்குத் திறமை என்று பெயர்.

டெஸ்டை எளிதாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இருபது, முப்பது டன்னோடு லாரி போகும் ரோட்டில்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவருக்கு லைசென்ஸ் கொடுத்தால் முதலில் சாவது சாலையோரத்தில் குடியிருப்பவர்கள்தான். 2019 வரை சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்தது நல்லது, ஏனென்றால் அது வண்டி ஓட்டும் திறனை அளக்கவில்லை, படிக்கவைக்கப்படாதவர்களை வெளியே நிறுத்தியது. ரிவர்ஸ் டெஸ்ட் அப்படியல்ல. அது இருக்க வேண்டும். அதற்குத் தயாராகும் மணிநேரங்கள்தான் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தோற்றவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம் என்கிறது. மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு மேல் ஒரு சீர்திருத்தப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அதற்கான காசும், வேலை போகும் நாட்களும் யாருக்குச் சுமை என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது டெஸ்டுக்கு நான் தனியாகத் தயாராகவில்லை. எல்.எல்.ஆர். வைத்திருக்கும் நான்கு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய லாரியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். டீசல் காசைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஹெவி லைசென்ஸ் உள்ள அண்ணன் ஒருவர் கூலி வாங்காமல் பக்கத்தில் உட்காருகிறார். காலி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு, நான்கு சவுக்குக் கம்பு. ஒருவர் ஓட்ட மூவர் இறங்கி நின்று சக்கரத்தைப் பார்க்கிறோம். ஒரு ஞாயிறில் எனக்குக் கிடைக்கும் நேரம், ஸ்கூலில் ஒரு வாரத்தில் கிடைத்ததைவிட அதிகம்.

ஆனால் நான்கு பேரின் கைக்காசால் ஒரு ஊரின் கணக்கைத் தீர்க்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். நிர்வாகம் நினைத்தால் வண்டியை மக்கள் கையில் கொடுக்க முடியும் என்பதற்கு டெல்டாவின் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

அதனால் மூன்று கோரிக்கைகள். புதுச்சேரி அரசு, ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான பாட்கோ மூலம், காரைக்காலில் ஹெவி வாகனப் பயிற்சியை உதவித்தொகையோடு நடத்த வேண்டும், பெண்களுக்கும் சேர்த்து. டிரைவிங் ஸ்கூல்கள் ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கில் இருந்த நேரத்தைப் பதிவு செய்து, கற்றுக்கொள்பவரின் கையெழுத்து வாங்க வேண்டும். துறைமுகச் சரக்கை எடுக்கும் ஒப்பந்தங்களில், கிளீனரையும் இரண்டாம் டிரைவரையும் வெளிப்படையாக அறிவித்து எடுக்க வேண்டும், சுற்று ஊர்ச் சேரிகளுக்கு அதில் பங்கு வேண்டும்.

இதைப் படிக்கும் தோழர்களில் பலர் நகரத்தில் படிக்கிறீர்கள், வேலை பார்க்கிறீர்கள். பல்கலைக்கழகத்திலும் ஐ.டி. கம்பெனியிலும் 'மெரிட்' என்ற சொல்லோடு சண்டை போடுகிறீர்கள். அந்தச் சண்டையை லாரி ஸ்டாண்டுக்கும் கொண்டுவாருங்கள். உங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில் எல்.எல்.ஆர். தேர்வுக்கான சாலைக் குறியீட்டுப் புத்தகமும் இருக்கட்டும். ஹெவி டெஸ்டில் தோற்ற தம்பி ஒருவன் உங்கள் தெருவில் இருந்தால், எத்தனை மணி நேரம் ஓட்டக் கிடைத்தது என்று முதலில் அவனிடம் கேளுங்கள்.